ஒன்று புள்ளி நாலு

அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் கதவைச் சாத்திய அந்த நொடியே சென்னியப்பனுக்கு மூக்கின் இடது பக்கம் அரிக்கத் தொடங்கியது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது இந்த அரிப்பு. விடியக் காலையில் தாராபுரத்தில் வாடகைக் காரில் ஏறியதிலிருந்து, கோயம்புத்தூர் வந்து, இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் படியிறங்கியது வரைக்கும் மூக்கு என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. இப்போது உடம்பில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு மணி நேரம். பேசக் கூடாது, போன் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது, தூக்கம் வந்தால் தூங்கலாம். சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆயிரம் பேருக்குச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னாள். கதிர்வீச்சு கலந்த சர்க்கரை மருந்து உங்கள் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, நோய் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது சர்க்கரையை இழுத்துத் தின்னும், தின்ற இடம் படத்தில் பளிச்சென்று தெரியும், நீங்கள் கையைக் காலை ஆட்டினால் சதையும் சேர்ந்து தின்னும், படம் கெட்டுப்போகும். அது அவருக்குச் சட்டென்று விளங்கியது. முப்பத்து மூன்று வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் ஈயத்தில் அரசாங்க முத்திரை குத்திக் கொடுக்கிற உத்தியோகம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, பேனை நிறுத்துங்க. காற்று அடித்தால் தட்டு ஆடும், தட்டு ஆடினால் முள் பொய் சொல்லும். இன்றைக்குத் தராசும் அவர்தான், தட்டும் அவர்தான். அரித்தால் அரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

மருந்தும் ஒரு ஈயப் பெட்டிக்குள்தான் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மாதிரி சந்தோஷம்கூட வந்தது, பழகிய ஆளை வெளியூரில் பார்த்த சந்தோஷம். இருபது கிலோ இருக்கும், கூடவும் இருக்கலாம். சிஸ்டர் தூக்கிவந்த விதத்தில், இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்த விதத்தில் சொல்லிவிடலாம். ஊசியைக் குத்தி எடுத்ததும் அவள் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டாள். இனிமேல் உங்கள் பக்கத்தில் யாரும் வரக் கூடாது ஐயா, ஆறு மணி நேரத்துக்கு நீங்களும் யார் பக்கத்திலும் போய் உட்காராதீர்கள் என்றாள். யார் பக்கத்திலும் என்றால் மனைவி துளசிமணி பக்கத்திலும்தான். துளசிமணி வெளியே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் அந்த மஞ்சள் பை இருக்கிறது. அங்கே போகாதே என்று மனசுக்குச் சொன்னார். மேலே பார். கூரையில் சதுரம் சதுரமாக அட்டை பதித்திருக்கிறார்கள், நீளவாட்டில் ஒன்பது, அகலவாட்டில் ஏழு, ஒன்றில் மட்டும் ஈரம் பட்டுப் பழுத்த கறை. ஒன்பதேழு அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றுதான் அவர் வயதும். இதெல்லாம் ஒரு கணக்கா. காலோடு கட்டியிருக்கிற மூத்திரப் பையில் ஏதோ சொட்டுகிற மாதிரி இருந்தது. குழாய் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பையில் நூறு, இருநூறு என்று கோடு போட்டிருக்கிறார்கள். முதல் நாளே அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு கோணலாக அச்சாகியிருந்தது, ஒரு பக்கம் நூறு என்றால் இன்னொரு பக்கம் நூற்றுப் பத்து. சர்வீஸில் இருந்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பார். மூத்திரம் வராமல் துடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு நோட்டீஸ் ஒரு கேடு.

அந்த மஞ்சள் பை. மூன்று வாரமாக அது அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. டாக்டர் அறைக்கு, ரத்தம் எடுக்கிற இடத்துக்கு, ஸ்கேனுக்கு, எங்கே போனாலும் அக்குளில் இடுக்கிக்கொள்வார். நான் வெச்சுக்கறனுங்க, நீங்க கைய வீசி நடங்க என்று துளசிமணி கேட்டபோதெல்லாம் வேண்டாம், உனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்று மோதிரம், வெள்ளி அரைஞாண், கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். பையையும் உள்ளே விடமாட்டேன் என்றார்கள். துளசிமணி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் கொடுக்கும்போது ஒரு நொடி பிடியை விடவில்லை. அவள் வினோதமாகப் பார்த்தாள். விட்டுவிட்டார். பைக்குள் பைல் இருக்கிறது. பைலில் இருபத்தோரு தாள். ஒவ்வொன்றுக்கும் வலது மேல்மூலையில் சிவப்பு மையில் அவரே எண் போட்டிருக்கிறார், ஆபீஸ் பழக்கம். ஐந்தாவது தாள்தான் அவரைக் கொல்கிறது. நோய் அப்புறம்.

ஐந்தாவது தாளை உருவி எறிந்திருக்கலாம். எத்தனை தடவை நினைத்தார். துளசிமணி குளிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் பைலை விரித்து வைத்துக்கொண்டு, அந்தத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கை வரவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் எந்தப் பைலிலிருந்தும் ஒரு தாளை உருவியவர் இல்லை. உருவச் சொன்னவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. நாலுக்கு அப்புறம் ஆறு வந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். வேறு எவனாவது ஒரு மனிதன், ஒரு பெட்டிக்கடைக்காரன், ஒரு லாரி டிரைவர், எவனாக இருந்தாலும் அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். அவர் மட்டும்தான் தன் தலைக்கு மேல் தொங்குகிற கத்திக்குத் தானே எண் போட்டுக் கோர்த்து வைத்திருக்கிறார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டது சரிதான்.

தை மாதம். பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மூத்திரம் சரியாகப் போவதில்லை, நின்று நின்று வருகிறது, இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறார் என்று துளசிமணிதான் தொந்தரவு செய்து அனுப்பிவைத்தாள். கூட வருகிறேன் என்றாள், அவர்தான் வேண்டாம் என்றார். டாக்டர் என்றால் ஒரு வழுக்கைத் தலை ஆம்பளை இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனார். உள்ளே பெனிட்டா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு இருக்கும். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். ரத்தத்தில் ஒரு அளவு பார்ப்பார்கள், புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் அது ஏறும், நாலுக்குள் இருந்தால் பயமில்லை என்று தாளிலேயே அச்சடித்திருந்தது. அவருக்கு ஒன்று புள்ளி நாலு. நாலுக்கு எதிரே ஒன்று புள்ளி நாலு. பாதிகூட இல்லை. பரீட்சையில் பாஸான பையன் போல அந்தத் தாளை அவள் மேஜையில் வைத்தார். அவள் பார்த்தாள், சந்தோஷப்படவில்லை. அளவு நார்மல்தான் சார், ஆனா கையால பரிசோதிச்சப்ப ஒரு பக்கம் கல்லு மாதிரி கெட்டியா இருந்தது, எனக்கு அது பிடிக்கல, ஊசி விட்டு அஞ்சாறு இடத்துல சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பிரலாம் என்றாள். அவர் அளவு சரியாக இருக்கிறதே என்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவர் மறுபடியும் அளவைச் சொன்னார். மூன்றாவது தடவை அவள் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் எழுதிக் கொடுத்தார். பயாப்சியின் அவசியம் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன், என் சொந்த விருப்பத்தின் பேரில் வேண்டாம் என்கிறேன். தேதி போட்டார், முற்பகல் பதினொன்று நாற்பது என்று நேரமும் போட்டார், கையெழுத்துக்குக் கீழே யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி ஒரு கோடும் இழுத்தார். அதன் நகல்தான் அவர் பைலில் ஐந்தாவது தாள். எத்தனை கடைக்காரர்களிடம் இதே மாதிரி எழுதி வாங்கியிருக்கிறார். விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஐயா, கைய ஆட்டாதீங்க என்று சுவரிலிருந்து குரல் வந்தது. திடுக்கிட்டுப் போனார். மூலையில் ஒரு கேமரா, அதற்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர். சிஸ்டர் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலது கை கட்டைவிரல் தானாகவே ஆள்காட்டி விரலில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினார். போச்சா, கட்டைவிரல் சர்க்கரையைத் தின்றுவிட்டதா, படத்தில் கட்டைவிரலிலும் நோய் என்று வருமா. மணி என்ன ஆகியிருக்கும். கடிகாரம் வெளியே பையில். பை துளசிமணியிடம். இந்நேரம் அவள் பைலை எடுத்திருப்பாள். எடுக்கத்தான் போகிறாள், அவள் தம்பி கந்தவேலு எடுக்கச் சொல்லியிருக்கிறான். திருப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, சட்டம் முழுக்கத் தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. அக்கா, ஒண்ணு விடாம ஒவ்வொரு தாளையும் போட்டோ புடிச்சு அனுப்பு, அந்த டாக்டர உண்டு இல்லைன்னு பண்ணிரலாம் என்று நேற்று ராத்திரி போனில் சத்தமாகச் சொன்னது அடுத்த அறையில் படுத்திருந்த அவருக்கே கேட்டது. மனுவும் டைப் அடித்து அனுப்பிவிட்டான். அதுவும் அந்தப் பையில்தான் இருக்கிறது. நோயின் அறிகுறி இருந்தும் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி உரிய காலத்தில் பயாப்சி செய்யத் தவறிய டாக்டர் பெனிட்டா மீது. கீழே துளசிமணி கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறது. மூன்று மணிக்கு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிடுவது என்று அக்காவும் தம்பியும் முடிவு பண்ணிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் துளசிமணி வாசலிலேயே என்னுங்க சொன்னாங்க என்றாள். நார்மல்னு சொல்லிட்டாங்க என்றார். அது பொய்யா. அளவு நார்மல்தான் என்று டாக்டரே சொன்னாளே. அந்த வாக்கியத்தை அப்படியே அங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார், மிச்சத்தை வழியில் போட்டுவிட்டு. எடை குறைத்து விற்கிற எந்த வியாபாரி இதைவிட நன்றாகச் செய்வான். அவள் சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அரிசியை ஊறப்போட்டாள். சாயங்காலம் மாவில் வெல்லம் பிசைந்து எண்ணெயில் கச்சாயம் சுட்டாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். அவர் ஏழு தின்றார். அந்த ஏழாவது கச்சாயம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதற்குப் பிறகு எட்டு மாதம், எப்போது சந்தேகம் வந்தாலும் பீரோவைத் திறந்து அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்ப்பார். ஒன்று புள்ளி நாலு. இடுப்பு வலித்தால் பார்ப்பார். எடை நாலு கிலோ குறைந்தபோது பார்த்தார். மூத்திரத்தில் ஒருநாள் லேசாக ரத்தம் கலந்து வந்தபோது எடுத்துப் பார்த்தார், எண் மாறவில்லை, தைரியம் வந்து மூடி வைத்தார்.

தெரியாதா அவருக்கு. எண் சரியாக இருப்பதும் எடை சரியாக இருப்பதும் ஒன்றா. காங்கேயத்தில் ஒரு பருத்திக்கொட்டை மண்டி. தராசு சுத்தம், கல் சுத்தம், முள் நட்ட நடுவில் நின்றது. கூட வந்த சிப்பந்தி முத்திரையை எடுத்துவிட்டான். மண்டிக்காரர் மோர் கொண்டுவரச் சொன்னார். சென்னியப்பன் மோரைக் குடிக்கவில்லை. தட்டைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினார். அடியில் புளியை உருட்டி ஒட்டி, அதற்குள் ஈயக்குண்டு பதித்திருந்தது. சோதனைக்கு முள்ளை நடுவில் நிறுத்துவதற்கு மட்டும் ஒட்டுவது, ஆய்வாளர் போனதும் பிய்த்துவிடுவது. ஜில்லா முழுக்க அந்தப் பேச்சுத்தான். முள்ளைப் பார்க்கிறவன் குமாஸ்தா, தட்டுக்கு அடியில் கைவிடுகிறவன்தான் ஆய்வாளர் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவர் அவர். அந்தப் பெண் அதைத்தானே செய்தாள். முள்ளைப் பார்த்தாள், நம்பவில்லை, அடியில் கைவிட்டாள், கல் மாதிரி இருக்கிறது என்றாள். அவள்தான் ஆய்வாளர். அவர் மோர் கொடுத்து அனுப்பப் பார்த்த மண்டிக்காரர்.

கைவிட்டாள். அதுதான். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு வழுக்கிக்கொண்டு வேறெங்கோ ஓடிவிடும், கூரை அட்டைக்கு, மூத்திரப் பைக்கு, கந்தவேலுக்கு. இன்றைக்கு ஓட இடமில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுங்க சார், முழங்காலை நெஞ்சோட சேர்த்து மடக்கிக்கோங்க, ஒரு நிமிஷம்தான் என்றாள். கையுறை மாட்டுகிற சத்தம் கேட்டது. மகள் வயதுப் பெண். வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சுவரில் ஒரு பல்லி. ஜில்லாவில் எந்த மண்டிக்குள் போனாலும் எழுந்து நின்று கும்பிடுவார்கள் அவரை. அந்த ஒரு நிமிஷத்தில் காதெல்லாம் கொதித்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. பயாப்சியும் அந்த வழியாகத்தான், அரைமணி நேரம் ஆகும், இரண்டு நர்ஸ் கூட இருப்பார்கள் என்று அவள் விளக்கியபோது மீதி எதுவும் அவர் காதில் விழவில்லை. அளவு சரியாக இருக்கிறதே, அளவு சரியாக இருக்கிறதே என்று அந்த எண்ணை இழுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டார். எண்ணை அவர் நம்பவே இல்லை. வெட்கம். வேறு ஒரு காரணமும் கிடையாது. வெட்கத்துக்காக ஒரு மனிதன் சாவானா. செத்தாலும் சாவான் போலிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மூத்திரம் அடியோடு நின்றுபோனது. வயிறு பானையாக வீங்கி, கத்திக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். அதே பெனிட்டாதான் குழாய் போட்டாள். அன்றைக்குச் சொன்ன அந்த வழியாகத்தான் பயாப்சியும் எடுத்தாள், இந்தத் தடவை வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முடிவு வந்தபோது துளசிமணியையும் உட்காரவைத்துச் சொன்னாள். சாதாரண புராஸ்டேட் கேன்சர் மெதுவாக வளரும், ரத்தத்தில் அந்த அளவு ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இது வேறு ஜாதி, சின்னச் சின்ன செல்லாக இருக்கும், நூறு பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். ரத்தத்தில் நாங்கள் எதை அளக்கிறோமோ அதை இது சுரப்பதே இல்லை, அதனால் அளவு ஏறாது, இவருக்கு இப்போதும் ஒன்று புள்ளி ஆறுதான். வேகமாகப் பரவும். ஆனால் மருந்துக்கு நன்றாக மசியும். இருக்கிற இடத்திலேயே இருந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் கீமோ, ஆறு தடவை, அப்புறம் கதிர்வீச்சு, குணமாக்கப் பார்க்கலாம். கல்லீரல், எலும்பு என்று பரவியிருந்தால் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். எது என்பது பெட் ஸ்கேனில் தெரியும். துளசிமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். எட்டு மாசத்துக்கு முந்தியே வந்தாருங்களே, அப்பவே சதைய எடுத்துப் பாத்திருந்தா இந்நேரத்துக்கு சரியாப் போயிருக்குமுங்களே, ரத்தத்த மட்டும் பாத்துட்டு ஒண்ணுமில்லீன்னு அனுப்பிப்போட்டீங்களே, உங்க அப்பனா இருந்தா அனுப்பியிருப்பீங்களா என்றாள்.  டாக்டர் பெனிட்டா துளசிமணியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. காத்துக்கொண்டிருந்தாள். பைல் மேஜை மேல்தான் இருந்தது, ஐந்தாவது தாளை எடுத்துக் காட்ட ஒரு நொடி ஆகாது. அவள் எடுக்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தார். அதில் ஒரு அருவிப் படம். அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பெருமூச்சு விட்டு, ஸ்கேனுக்கு எழுதறேன்மா என்று பேனாவை எடுக்கும்வரைக்கும். சீ.

எழுந்து போய்விட்டால் என்ன. கதவு திறந்துதான் இருக்கும். நாலு எட்டில் கூடம், பையைப் பிடுங்கி அக்குளில் வைத்துக்கொண்டுவிட்டால் கந்தவேலாவது மனுவாவது. உடம்பு தானாகவே முன்னால் வந்தது. ஐயா, படுங்க, இன்னும் கால்மணி நேரம்தான் என்று சுவர் சொன்னது. படுத்தார். மூக்கு அரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது, இப்போது உள்ளங்கால். இந்தச் சர்க்கரை இந்நேரம் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கும். இடுப்பில் வலிக்கிற இடத்திலா. தை மாதத்தில் அது எவ்வளவு இருந்திருக்கும், ஒரு மிளகு அளவா, ஒரு கொத்தமல்லி அளவா. எட்டு மாதம் அவர் கொடுத்த தவணை. பரவியிருந்தால் அது நோய் செய்தது இல்லை, அவர் கையெழுத்துப் போட்டுக் கோடு இழுத்து அனுமதி கொடுத்தது. அதைத் துளசிமணி படிப்பாள். படித்தால் என்ன சொல்வாள். கத்தினால் பரவாயில்லை. அழுதாலும் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் பைலை மூடிவைத்துவிட்டு, சாப்பிடறீங்களா என்று கேட்டுவிட்டால். கல்யாணமாகி இந்த முப்பத்தாறு வருஷத்தில் இரண்டு தடவை அப்படிக் கேட்டிருக்கிறாள், இரண்டு தடவையும் ஒரு மாதம் பேசவில்லை. பரவாமல் இருந்தால் எப்படியும் சொல்லிவிடலாம். பரவியிருந்தால் சொல்லாமலே போய்விடலாம், போகிறவன் எதற்கு அவள் நெஞ்சில் அதையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்தப் பெண். மூன்று மணிக்கு மனு போனால் அந்தப் பெண்ணை நிற்கவைத்துக் கேட்பார்கள், அவள் தன்னிடம் இருக்கிற அசலைக் காட்டித் தப்பித்துக்கொள்வாள். அப்போது துளசிமணி பத்துப் பேர் முன்னால் அந்தத் தாளைப் பார்ப்பாள். அவள் முகத்தை அவர் பார்த்துவிட்டார், நினைப்பிலேயே. கண்ணை மூடிக்கொண்டார், அப்போதும் தெரிந்தது.

மிஷினுக்குள் போனது பெரிய விஷயமாக இல்லை. குறுகலான பலகை, தலைக்கு மேலே கையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பலகை தானாக உள்ளே போய்ப் போய் வந்தது. உள்ளே ஒரு இரைச்சல், மாவு மில்லில் நிற்கிற மாதிரி. என்னை நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பார்க்கட்டும். தட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். தோள்பட்டை வலித்தது, வலிக்க வலிக்க மனசு ஒரே இடத்தில் நின்றது, அந்த ஒரு மணி நேரத்தில் நிற்காத மனசு. வெளியே வரும்போது சிஸ்டர் முகத்தைப் பார்த்தார், ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. தள்ளியே நின்று, மெதுவா எறங்குங்க ஐயா என்றாள்.

கூடத்தில் சுவரோரமாக வரிசையாக இரும்பு நாற்காலிகள். கடைசியில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் மஞ்சள் பை, அதன் மேல் இரண்டு கையும். சற்றுத் தள்ளி ஒரு அம்மாளும் அவள் மகனும். அவர் ஐந்து நாற்காலி விட்டு உட்கார்ந்தார். எழுந்து வரப் பார்த்தவளைக் கையைக் காட்டி அங்கேயே இருக்கச் சொன்னார், கிட்டே வரக் கூடாதாம், ஆறு மணி நேரம். அவள் இருந்த இடத்திலிருந்தே வலித்ததா, பசிக்கிறதா என்று கேட்டாள். பிறகு அலுப்போடு, இந்தக் கீழ்த்தளத்தில் டவரே கிடைக்கவில்லை, தம்பி போட்டோ கேட்டிருந்தான், தன் கண்ணாடியும் வீட்டிலேயே கிடந்துபோய்விட்டது, மேலே போய்த்தான் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள். அவள் எதையும் படிக்கவில்லை. பைலைத் திறக்கவே இல்லை.  பையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாலு நாற்காலிக்கு அப்பால் வைத்துவிட்டுப் போ, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றால் முடிந்தது. வாயைத் திறந்தார்.

"துளசி, அந்தப் பைல எடு. அஞ்சாவது தாளு."

ஏசி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தாள். கிட்டே போய்க் காதோடு சொல்கிற விஷயத்தைக் கிட்டே போகாமல் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்து நின்று, சந்தையில் கூப்பிடுகிற குரலில் சொன்னார். அந்த அம்மாளும் மகனும் திரும்பிப் பார்த்தார்கள். "அஞ்சாவது தாளு. மூலைல செவப்புல நம்பர் போட்டிருக்கும். என்ற கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி."

அவள் பைக்குள் துழாவி அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது மூக்கில் நிற்காமல் வழிந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் போல உதடு அசைந்தது. எந்த வார்த்தைக்கு வந்திருக்கிறாள் என்று அவரால் சொல்ல முடிந்தது. விளக்கிச் சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். முடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"அந்தப் புள்ள மூணு தடவ சொல்லுச்சு. நாந்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். வெக்கமா இருந்துச்சு. உங்கிட்ட நார்மல்னு சொன்னதும் நாந்தான். அது மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் நிமிரவில்லை. கையெழுத்தைப் பார்த்தாள், கீழே இழுத்திருந்த கோட்டைப் பார்த்தாள், தேதியில் விரலை வைத்தாள்.

"இது நாங் கச்சாயம் சுட்ட அன்னைக்குங்களா?"

"ஆமா."

 அந்தப் பையன் போனில் எதையோ பார்ப்பது போல் குனிந்துகொண்டான். துளசிமணி அந்தத் தாளை நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் சரியாகச் செருகிப் பைலை மூடினாள். தம்பியின் மனுவை வெளியே எடுத்து, மடித்து, மறுபடி மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற வரைக்கும் மடித்துத் தன் மணிபர்ஸுக்குள் வைத்தாள். மூணு மணிக்கு அந்தப் புள்ளகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லோணும், நாம்பேசுன பேச்சுக்கும் சேத்து நீங்கதான் சொல்லோணும் என்றாள், அவரைப் பார்க்காமல். சரி என்றார். அப்புறம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம்தான் போகிறாள் என்று நினைத்தார், போகட்டும், போக வேண்டியதுதான். ஒரு நாற்காலி தாண்டினாள், இரண்டு, மூன்று. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கட்டால போ துளசி. ஆறு மணி நேரத்துக்குப் பக்கத்துல வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எட்டு மாசமாப் பக்கத்துலயேதான உக்காந்திருந்தேன்" என்றாள். அவர் பக்கம் திரும்பாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.